சைரன் ஊதினால் கீழே

மாதத்தில் ஒரு புதன்கிழமை நண்பகலில் எங்கள் ஊரில் சைரன் ஊதும். எங்கள் ஊர் என்று கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன். நான் சொல்வது அமெரிக்காவில், கான்சஸ் மாநிலத்தில், சோளக்காடுகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு சிற்றூரை. தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் உயரமான கம்பத்தில் ஒரு மஞ்சள் குழாய் இருக்கிறது. அது வாயைத் திறந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். ஆனால் அந்த நேரத்தில் இங்கே யாரும் தலை நிமிர்வதில்லை. அடுத்த வீட்டு டார்லா புல்வெட்டும் வண்டியை நிறுத்துவதுகூட இல்லை. கேட்டால், சோதனைதானே என்கிறார். டொர்னேடோ என்கிற சுழற்காற்று வரும் நாளில் குழாய் மக்கர் பண்ணாமல் இருக்கவேண்டுமே, அதற்காகவாம். வந்த புதிதில் அடுப்பை அணைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். இப்போது நானும் சோற்றைக் கிளறிக்கொண்டுதான் நிற்கிறேன். பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை என்னவென்றால், மழை, காற்று சம்பந்தப்பட்ட எதுவும் எனக்குள் இறங்குவதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி, தொட்டால் தெரியும், வலிக்காது.

எங்களை இங்கே கொண்டுவந்ததும் காற்றுதான். என் கணவர் பரமசிவன், செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பிச் சுரண்டைப் பக்கம் நிற்கும் காற்றாலைக் காத்தாடிகளில் வேலை பார்த்த பொறியாளர். இங்கேயும் அதே காத்தாடிகள், அதைவிடப் பெரியவை. "காத்து எங்களத் தூக்கிட்டு வந்து போட்டுட்டு" என்று அவர் வேடிக்கையாகச் சொல்வார். அதை ஆங்கிலத்தில் சொன்னபோது இந்த ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. இங்கே காற்று மாட்டுக்கொட்டகையைத் தூக்கி அடுத்த பண்ணையில் போடும். கவுண்டி நிர்வாகம், அதாவது நம் தாலுகா ஆபீசும் கலெக்டர் ஆபீசும் சேர்ந்த மாதிரி ஒன்று, ஒவ்வொரு வசந்தத்திலும் வீடு வீடாகத் தாள் அனுப்பும். 'வாட்ச்' என்றால் வரலாம், 'வார்னிங்' என்றால் வந்துவிட்டது. சைரன் வெளியே நிற்பவர்களுக்குத்தான், வீட்டுக்குள் கேட்காமல் போகலாம், ஆகவே பேட்டரி ரேடியோ வைத்துக்கொள். ஜன்னல் பக்கம் போகாதே. காலில் ஷூ, தலையில் ஹெல்மெட். எல்லாவற்றுக்கும் மேலாக, கீழே இறங்கு. வீட்டின் அடியிலிருக்கும் பேஸ்மென்டுக்குப் போ. இந்தக் கடைசி விதியில்தான் நான் நின்றுபோனேன்.

நான் பிறந்து வளர்ந்த தென்காசியில் எச்சரிக்கைக்கு வேறு மரியாதை. குற்றாலத்தில் குளிக்கத் தடை என்று டிவியில் ஓடினால், அதை ஆபத்து என்று யாரும் வாசிப்பதில்லை. அருவியில் நல்ல தண்ணீர் என்றுதான் வாசிப்பார்கள். மதுரைக்காரர்கள் அப்போதுதான் குற்றாலம் கிளம்பக் காரைக் கழுவுவார்கள். உள்ளூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விவரம் உண்டு என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. தடை போட்டுவிட்டால் நாங்கள் அருவிக்குப் போகமாட்டோம், சிற்றாற்றுக்குப் போவோம். என் அண்ணன் குற்றாலிங்கமும் நானும் ஒருநாள் அப்படித்தான் போனோம். லேசான சாரல், நடுநடுவே வெயில். ஊரில் மழையே இல்லை. மழை மலைமேல் பெய்துகொண்டிருந்தது. முதலில் சருகு மிதந்து வந்தது, பிறகு தண்ணீர் செம்மண் நிறமாகத் திரும்பியது. ஆற்றில் குளித்து வளர்ந்த எவருக்கும் அதன் பொருள் தெரியும். "ஏறு, மேல ஏறு" என்று நாலா பக்கமும் சத்தம். எல்லோரும் ஏறினோம். அண்ணனும் ஏறினான். கரையில் என் பக்கத்தில், தலை சொட்டச் சொட்ட நின்றான்.

"ஏட்டி, துண்ட விட்டுட்டேன். இந்தா வாரேன்" என்றான்.

இரண்டு படி கீழே கிடந்த ஈரத் துண்டுக்காக இறங்கினான். அவ்வளவுதான். மறுநாள் கீழ்ப்பக்கத்து அணைக்கட்டில் கிடைத்தான். அழுதேனா என்று எனக்கு நினைவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி கலக்கிக் கொடுத்தது நினைவிருக்கிறது, சீனி போதுமா என்று கேட்டதும். தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு யாரும் அந்தப் பழமொழியைச் சொல்வதில்லை.

இங்கே முதன்முதலாக நிஜ சைரன் ஊதியபோது கணவர் வேலையில் இருந்தார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். யோசித்து ஓடவில்லை, கால் ஓடியது. மாடி ஜன்னலருகில் அவளை மடியில் வைத்துக்கொண்டு தெருவில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வானம் பாசி நிறத்தில் இருந்தது. டார்லா மழையில் நனைந்தபடி வந்து கதவை உடைக்காத குறையாகத் தட்டி, எங்களைத் தன் வீட்டு நிலவறைக்கு இழுத்துப்போகப் பார்த்தார். நான் வாசற்படியைத் தாண்டவில்லை. பாவம், அந்த மழையிலும் அவர் எங்களோடு நின்றார். காற்று அன்றைக்கு வேறு பக்கம் போய்விட்டது. பிறகு தீயணைப்பு நிலையத்தில் நடந்த புயல் வகுப்புக்கு என்னை அழைத்துப் போனார். அங்கே என்னைப் பேசச் சொன்னார்கள். "எங்கள் ஊரில் மழை வந்தால் நாங்கள் மேலே ஏறுவோம்" என்றேன். டார்லா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடவுளுக்கு அருகில் இருப்பதற்கா?" என்று கேட்டார். நான் ஆம் என்று தலையாட்டினேன். துண்டைப் பற்றி ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அன்றிலிருந்து ஊர் என்னைப் பெரிய பக்தை என்று நம்புகிறது.

மகளுக்குச் செண்பகம் என்று பெயர். பள்ளியில் ஷென் ஆகிவிட்டாள். ஒன்றாம் வகுப்பில் அவளுக்கு எழுத்துக்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்: சுவரோரம் முட்டிபோட்டுக் குனி, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொள். வீட்டில் எனக்குச் செய்துகாட்டினாள். எச்சரிக்கை வரும்போதெல்லாம் அவள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பேஸ்மென்டுக்கு இறங்குவாள், நான் படிக்கட்டின் உச்சியில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பேஸ்மென்ட் தரையில் ஒரு குழி உண்டு. ஊறும் மழைத்தண்ணீர் அதில் சேர, ஒரு பம்பு அதை வெளியே தள்ளும். மழை நேரத்தில் அந்தக் குழி களகளவென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் என்னால் ஒரு படிகூட இறங்க முடியாது. கணவர் முதலில் கெஞ்சினார், பிறகு கத்தினார். "டவர் உச்சில நிக்க பயலுவள ஒரு போன்ல எறக்கிருதேன். உன்ன எறக்க முடியலயே" என்று ஒருநாள் சோற்றுத்தட்டின் முன்னால் அழுதேவிட்டார். அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ரசம் ஊற்றவா என்று கேட்டேன்.

இந்த ஜூன் மாதம், சாயங்காலம். போன் இரண்டு முறை அலறியது. முதலாவது, அம்மாவுக்காக நான் வைத்திருக்கும் தென்காசி எச்சரிக்கை: மலையோரம் கனமழை, ஆரஞ்சு. இரண்டாவது எங்கள் கவுண்டிக்கு, வார்னிங். உடனே கணவரின் அழைப்பு. "பயலுவள எல்லாம் எறக்கிட்டேன். கம்பெனிக்காரன் எங்கள இங்கனயே ஒதுங்கச் சொல்லிட்டான், வர முடியாது. பிள்ள கீழ போயிட்டாளா? நீயும் போ ஏட்டி, இந்த ஒரு தடவ" என்றார். போகிறேன் என்றேன். சைரன் ஊதியது. செண்பகம் ஓடி இறங்கினாள். நான் உச்சிப்படியில் நின்றேன். கரண்ட் போனது. பம்பு நின்றது, குழியின் சத்தம் மட்டும் நிற்கவில்லை. வெளியே சரக்கு ரயில் போகிற மாதிரி ஓர் இரைச்சல் கிளம்பியது. அது வந்தால் காற்று வந்துவிட்டது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எங்கோ தகரம் கிழிந்தது.

"அம்மா, கீழ வா!" என்றாள்.

"இந்தா வாரேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அந்த வார்த்தையை நான் அண்ணன் போன பிறகு யாரிடமும் சொன்னதில்லை. கால் அசையவில்லை. கீழே டார்ச் வெளிச்சம் ஆடியது. பிறகு அது என்னை நோக்கி ஏறி வர ஆரம்பித்தது. செண்பகம் தன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். வெறுந்தலையோடு படியேறி வந்தாள். "அம்மா, இதப் போட்டுக்கோ. போட்டா பயம் போயிரும்" என்றாள். சமையலறை ஜன்னல் கண்ணாடி என் முதுகுக்குப் பின்னால் வெடித்தது.

"ஏட்டி, எறங்கு! கீழ எறங்கு!" என்று கத்தினேன். அது என் குரல்தானா என்று தெரியவில்லை. என் வாய் வாழ்நாளில் மழை நேரத்தில் அப்படி ஒரு வார்த்தையைச் சொன்னதில்லை. அவளை வாரி எடுத்தபோது உடம்பெல்லாம் பயம் பரவியது. இத்தனை வருடத்தில் முதன்முதலாக, சுரீரென்று வலிக்கிற பயம். படிகளை எப்படி இறங்கினேன் என்று சொல்லத் தெரியவில்லை.

காற்று டார்லாவின் கொட்டகையை எடுத்துக்கொண்டு வடக்கே போனது. எங்கள் கூரையில் பாதி ஓடு போனதும் பிறகுதான் தெரிந்தது. "ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல" என்று டார்லாவுக்கும் கணவருக்கும் சேர்த்துத் தமிழிலேயே செய்தி அனுப்பினேன். டார்லா ஒரு இதயப் படத்தைத் திருப்பி அனுப்பினார். ரேடியோ இன்னும் மேலே வரவேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அப்போது அம்மாவின் அழைப்பு வந்தது. எனக்குச் சாயங்காலம் ஆகும்போது அவளுக்கு விடியும். காப்பி போட்டதும் பேசுவாள்.

"ஏட்டி, இங்கன மலையில கருக்கிட்டு நிக்கு. அங்கனயும் மழயா? இரையுதே."

"லேசாத்தாம்மா."

"பிள்ளைய வச்சிக்கிட்டு மேல ஏறி நிக்கியா?"

"ஆமாம்மா. மேலதான் நிக்கேன்."

"அங்கனயே நில்லு. எதுக்கும் எறங்காத, என்ன?"

சரி என்று வைத்தேன். டார்ச் வெளிச்சத்தைத் தரையில் அடித்துப் பார்த்தேன். குழி நிரம்பி, சிமென்டில் மெல்லிசாக ஈரம் படர ஆரம்பித்திருந்தது. சுவரோரம் ஒரு பழைய பெஞ்சு. அதன்மேல் நாங்கள் இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். செண்பகம் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி குனிந்து, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய ஹெல்மெட் என் தலையில் பாதி ஏறி நின்றது. நான் தரையைப் பார்த்தபடி, இரண்டு காலையும் பெஞ்சின்மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.