குரங்கு இருந்த இடத்தில் பூந்தொட்டி

'மாணவர்களே தயாரித்தது' என்று எந்தச் சார்ட்டின் கீழாவது எழுதியிருந்தால் எனக்கு வயிற்றைக் குமட்டும். ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாரம் மூன்று நாள் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் பகுதிநேர டீச்சர் நான். அடிவாரத்தில் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு மேலே போகிறவள். அந்தக் குமட்டல் வேறு. அது பஸ்ஸை விட்டு இறங்கியதும் போய்விடும்.

போன வருடம் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எதிரில் உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"ஏனுங்க டீச்சர், சனிக்கிழமை உங்க கிளாசுக்கு எட்டே பேருதான் வர்றாங்க. முப்பது பேராச்சும் பேரு குடுத்தாத்தான் நடத்த முடியுமுங்க. இல்லீன்னா அந்த ரூமைப் பத்தாவதுக்காரங்களுக்கு விட்டுற வேண்டியதுதான்."

ரூம் போனால் வகுப்பு போகும். வகுப்பு போனால் நானும் பஸ் ஏற வேண்டியதில்லை. என் முகத்தைப் பார்த்து அவரே வழியும் சொன்னார். "பசங்களையே போஸ்டர் போடச் சொல்லுங்க. நொம்ப நல்லாருக்கும். அதப் பாத்துட்டு நாலு பேரு வருவாங்க."

நல்ல யோசனைதான். நான்தான் பிள்ளைகளிடம் அதை 'போட்டி' என்று சொல்லித் தொலைத்தேன்.

போட்டி என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். திங்கட்கிழமை என் மேஜையில் பதினேழு போஸ்டர்கள். அதில் மூன்று ஒரே கையால் வரைந்தவை. கடைத்தெருவில் ஸ்டேஷனரிக் கடையில் சொல்லிவைத்தால் சேலத்திலிருந்து ஒரு ஆள் வரைந்து அனுப்புவார். தெர்மாகோல் எழுத்துகள், ஜிகினாத் தூள், யாரோ ஒரு அம்மா பழைய கோலநோட்டைப் பார்த்து வரைந்த மயில். மிச்சம் பாதியில் அதே இரண்டு முக்கோண மலை, நடுவில் கதிர் விரிக்கும் சூரியன், கீழே ஆறு, கரையில் தென்னை மரம். மலையிலேயே பிறந்து மலையிலேயே வளரும் பிள்ளைகள். எங்கள் ஜன்னலைத் திறந்தால் மலைதான். அதில் ஒன்றாவது முக்கோணமாக இருக்கிறதா? தென்னைக்கு அவர்கள் அடிவாரத்துக்கு அல்லவா இறங்க வேண்டும்!

எரிச்சல்பட எனக்கு யோக்கியதை கிடையாது. எந்தப் பள்ளியிலும் கண்காட்சிக்கு முதல் நாள் சாயங்காலம் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, டீச்சர்கள் நாங்கள் தரையில் உட்கார்ந்து அவர்களுடைய படங்களைத் திருப்பி வரைவோம். கோடு கோணலாக இருந்தால் நிமிர்த்துவோம், எழுத்து சறுக்கினால் வெள்ளை அடித்து மேலே எழுதுவோம். அதற்கு 'ஃபினிஷிங் பண்றது' என்று பெயர். கீழே பிள்ளையின் பெயரைப் போட்டுவிடுவோம். யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை, என்னையும் சேர்த்து.

பதினெட்டாவது போஸ்டர் ஒரு நாள் தாமதமாக வந்தது. வெள்ளக்கடையிலிருந்து வரும் ஏழாம் வகுப்புப் பெண் கொண்டுவந்தாள். அவள் அம்மா எஸ்டேட்டில் காபிப்பழம் பறிக்கப் போகிறவர். அந்த வீட்டில் சார்ட் வாங்க ஆள் அனுப்பும் வழக்கமில்லை. மளிகைக் கடையில் கொடுத்த பெரிய காலண்டர் தாளின் முதுகில், அடுப்புக்கரியாலும் நீலப் பேனாவாலும் வரைந்திருந்தாள். தாளின் மேல் ஓரத்தில் ஓட்டை போட்டு நூல் கோத்திருந்தது.

"ஒட்டிராதீங்க டீச்சர். அந்தப் பக்கம் முருகர் இருக்காரு. முடிஞ்சதும் ஊட்டுல மறுக்கா மாட்டோணும்னு அம்மா சொல்லுச்சுங்க."

சரி என்றேன். திருப்பிப் பார்த்தேன். எங்கள் ஓவிய அறை அப்படியே இருந்தது. கண்ணாடி போன ஜன்னல், அதன் வழியாக உள்ளே நுழையும் பனி, பனியோடு நுழைந்து யாருடைய டிபன் பாக்ஸையோ தூக்கும் குரங்கு. நடுவில் நான், அண்ணாக்கு தெரிய வாயைப் பிளந்துகொண்டு. சுற்றிலும் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துச் சிரிக்கிறார்கள். கீழே எழுதியிருந்தாள்: 'வாங்க. கோணலா வரைஞ்சா பரவால்ல. டீச்சர் கத்துவாங்க, ஆனா அடிக்க மாட்டாங்க.'

நடையில் ஆணியில் மாட்டினேன். மற்ற பதினேழையும் பிள்ளைகள் சுவரைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போனார்கள். இதன் முன்னால் மட்டும் கூட்டம். "கொரங்கு வர்ற கிளாசு இதுங்களா?" என்று கேட்டுக் கேட்டுப் பேர் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் இருபத்தாறு பேர். இன்னும் நாலு பேர் வந்தால் போதும்.

அப்போதுதான் சேலத்திலிருந்து கல்வி அதிகாரி வருகிறார், போட்டிக்குப் பரிசும் அவரே தேர்ந்தெடுத்துக் கொடுப்பார் என்று தகவல் வந்தது. தலைமையாசிரியர் நடையில் நின்று அந்தப் படத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"ஒடஞ்ச ஜன்னலு, கொரங்கு, நீங்க வேற இந்தக் கோலத்துல... வர்றவரு என்னங்க நெனப்பாரு? லேசா ஃபினிஷிங் பண்ணி உட்ருங்க."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் ஒன்றும் கடித்துத் தின்றுவிடுகிற ஆள் இல்லை. நான் சொல்லவில்லை. நாலு பேர் குறைகிறார்களே என்ற பயம் ஒன்று. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பிளந்த வாய் எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளி விட்டதும் போஸ்டர் கலரைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது நான் முதலில் மூடியது அந்த வாயைத்தான். அழகாகச் சிரிக்க வைத்தேன். ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டேன். கண்ணாடிக்கு வெளியே வெறுமையாக இருந்ததால் இரண்டு மலை வைத்து நடுவில் சூரியனைப் போட்டேன். குரங்கு இருந்த இடத்தில் பூந்தொட்டி வந்தது. கீழே 'கலை கற்போம், உயர்வோம்' என்று கட்டம் கட்டி எழுதினேன். கலர் காய்ந்ததும் தாள் சுருண்டுகொண்டது. காற்றில் ஆடினால் அசிங்கமாக இருக்கும் என்று மைதாப் பசை காய்ச்சி, முதுகு முழுக்கத் தடவி, சுவரில் அறைந்து ஒட்டினேன். முருகர் ஞாபகமே வரவில்லை.

அதிகாரி வந்தார். பதினெட்டையும் பார்த்துவிட்டு என்னுடையதைத்தான் தேர்ந்தெடுத்தார். மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் ஏறி, சான்றிதழுக்குக் கையை நீட்டாமல் நின்றாள்.

"இது நான் வரைஞ்சது இல்லீங்க சார்."

மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. தலைமையாசிரியர் சிரித்தார். "வெக்கப்படுதுங்க சார். வாங்கிக்க சாமி, வாங்கிக்க கண்ணு." அதிகாரி அவள் தலையைத் தட்டி, என்ன தன்னடக்கம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டினேன். இன்றைக்கும் அந்தக் கையைப் பார்த்தால் சோப்புப் போட்டுக் கழுவத் தோன்றுகிறது.

மறுநாள் அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அந்தத் தாளக் குடுங்க டீச்சர். முருகர அம்மா கேக்குது."

தண்ணீர் தெளித்து ஊறவைத்தேன். பிளேடால் ஓரத்தை நெம்பினேன். மைதாப் பசை நான் நன்றாகக் காய்ச்சுவேன். வேலின் நுனியும், மயில் கழுத்தில் ஒரு விரல் அகலமும் கையோடு வந்தன. மற்றதெல்லாம் சுவரோடு போயிற்று. அந்தத் துண்டுகளை அவள் கணக்கு நோட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். "பரவால்லீங்க டீச்சர்" என்றாள். 'ங்க'வைக்கூட விடவில்லை அந்தப் பெண்.

வகுப்பு பிழைத்துக்கொண்டது. பரிசு பெற்ற வகுப்பு என்று முப்பத்து நாலு பேர் சேர்ந்தார்கள். அவள் பெயர் அதில் இல்லை. முதல் சனிக்கிழமை எல்லோரும் வந்து உட்கார்ந்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு முக்கோணமும் ஒரு சூரியனும் வரைந்தார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு குழந்தை தாளை நீட்டியது.

"டீச்சர், கொஞ்சம் ஃபினிஷிங் பண்ணிக் குடுங்க."

முடியாது, நீயே வரை என்று திருப்பிக் கொடுத்தேன் என எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அதற்குள் என் கை பிரஷை எடுத்து, கோணலாக இருந்த மலையை நிமிர்த்தத் தொடங்கியிருந்தது.