பதினொரு சைபர்

வேலை நடக்கும் இடங்களில் சூட்டை அளப்பதுதான் அவளுடைய பிழைப்பு. கறுப்புப் பூசிய செம்பு உருண்டை ஒன்றையும், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்றையும் முக்காலியில் பொருத்தி, பட்டறை பட்டறையாகத் தூக்கிக்கொண்டு அலைவாள். அதனால் எல்லோருக்கும் அவள் உருண்டைக்காரி. அதற்காக அவள் கோபித்துக்கொண்டதில்லை. வீட்டில் அதைவிட மோசமான பட்டப்பெயர்கள் உண்டு.

அவளைப் படாதபாடு படுத்தியது ஒரே ஒரு இடம்: ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடத்தின் இஸ்திரி அறை. பதினொரு பேர், பதினொரு நீராவி மேசை, பெயருக்கு ஒரே ஒரு ஜன்னல். மூன்று கோடையாக அங்கே சூடு எல்லையைத் தாண்டித்தான் நின்றது. ஆனால் அவளுடைய அலுவலகத்தின் சட்டம் அலாதியானது. கருவி சொன்னால் மட்டும் போதாதாம். உள்ளே நிற்கிறவர்களும் தாங்க முடியவில்லை என்று படிவத்தில் குறிக்க வேண்டுமாம். அப்போதுதான் மணிக்குக் கால்மணி நேர ஓய்வுக்கு உத்தரவு வரும். மூன்று கோடையும் பதினொரு படிவங்களிலும் ஒரே குறிதான் இருந்தது: ‘பரவாயில்லை’.

காரணம் வேறு யாருமில்லை, அவள் கூடப்பிறந்த அண்ணன். அந்த அறையின் மூத்த இஸ்திரிக்காரர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். அவர் எங்கே டிக் போடுகிறாரோ அங்கேயே மற்ற பத்துப் பேரும் ஈயடிச்சான் காப்பி அடித்துவிடுவார்கள். காலையில் எழும்போதே அவருக்குக் கால் வீங்கியிருக்கிறது, டாக்டரிடம் கூப்பிட்டால் செருப்பு இறுக்கம் என்கிறார் என்று அண்ணி ஆறு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். ஓய்வு கிடைக்காவிட்டால் அண்ணன் என்றைக்காவது அந்த மேசைமேலேயே சாய்ந்துவிடுவார் என்று தங்கைக்குப் பயம்.

நாலாவது கோடையில் ஒருநாள், மத்தியானம் மூன்று மணிக்கு, அவள் படிவத்தைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டாள். வெட்கத்தை விட்டு வேறொரு கேள்வி கேட்டாள். காலையில் வந்ததிலிருந்து யார் யார் எத்தனை தடவை ஒன்றுக்குப் போனார்கள்?

அறையே சிரித்தது. அண்ணன் மட்டும் நெஞ்சை நிமிர்த்தினார்.

“வேலைக்கு நடுவுல எந்திரிச்சுப் போற பழக்கமே நமக்குக் கிடையாது. சைபர்னு எழுதிக்க.”

அவரே சைபர் என்றபின் அடுத்தவன் ஒன்று என்பானா? வரிசையாகச் சைபர் விழுந்தது. வெறும் வீறாப்போ என்று அவள் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள். உண்மைதான். தண்ணீர் குடித்தால் போக வேண்டிவரும், போனால் அண்ணன் பார்ப்பார் என்று யாரும் குடிப்பதே இல்லையாம்.

அந்தத் தாளைப் பார்த்த அவளுடைய அதிகாரி மறுவார்த்தை பேசாமல் டாக்டரை அனுப்பினார். ரத்தம் எடுத்தார்கள். அண்ணனின் சிறுநீரகம் பாதிக்குமேல் கெட்டிருந்தது. இனி மாத்திரையில்தான் ஓட்ட வேண்டும். அதைக்கூட மனுஷன் அசராமல் கேட்டுக்கொண்டார். இன்னொருவனுக்கும் கோளாறு ஆரம்பித்திருக்கிறது என்றபோதுதான் ஆடிப்போனார். எல்லோரும் புதுமாப்பிள்ளை என்று கூப்பிடும் இருபத்தாறு வயதுக்காரன் அவன்.

“சின்ன வயசு. அவனுக்கு எப்படி?”

அவள் பூசி மெழுகவில்லை.

“நீ குடிக்கலேன்னுதான் அவனும் குடிக்கல, அண்ணே.”



அடுத்த வாரம், டாக்டரின் அறிக்கையை வைத்து, படிவத்தில் குறி இல்லாமலேயே ஓய்வுக்கு உத்தரவு வந்தது. முதல் ஓய்வு மணி அடித்தபோது அவள் வாசலருகே உருண்டையைப் பொருத்திக்கொண்டிருந்தாள். ஒருவரும் நகரவில்லை. இஸ்திரிப்பெட்டியைப் பிடித்த கையோடு பத்துப் பேரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். மூலையில் இருந்த தண்ணீர்க் குடத்தடியில் போய் நின்று, எல்லோரும் பார்க்க இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். மூன்றாவது டம்ளரை மொண்டு வந்து புதுமாப்பிள்ளையின் கையில் திணித்தார்.

“குடி. நான் கக்கூஸுக்குப் போயிட்டு வரேன். அடுத்தது நீ.”