திருடன் எந்தத் திசையில் ஓடினான்?

போன வாரம் ஒரு திருட்டு வழக்கில் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். திருட்டை நான் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை… அதுதான் விசேஷம்!

என் சித்தி மகள் செல்வி, கும்மிடிப்பூண்டியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை நடத்துகிறாள். பம்புகளுக்கு உதிரி பாகம். காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால், டிராயிங் எல்லாம் பூட்டிக் கிடக்கிறது. திரையில் இங்கிலீஷில் ஒரு கடிதம் – டப்பு கொடுத்தால்தான் திறப்பார்களாம். எவன், எந்த நாடு… ஒன்றும் தெரியாது. ஆர்டர் கொடுத்த கம்பெனியோ கறார். நாளை மாலைக்குள் எஃப்.ஐ.ஆர். நகல் வந்தால் அவகாசம் தருவார்கள், இல்லாவிட்டால் ஆர்டர் கேன்சல். பன்னிரண்டு பேர் பிழைக்கிற பட்டறை.

ஸ்டேஷனுக்கு ஓடினோம். 'சைபர் உதவி மையம்' என்று பளபளவென்று போர்டு. போர்டுக்கு நிதி வந்துவிட்டது. ஆளுக்கும் இணைய இணைப்புக்கும் இன்னும் வரவில்லையாம். தேசத்தின் சைபர் பாதுகாப்பு, ஏட்டையாவின் சொந்த செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஓடுகிறது – அவர் டீ குடிக்கப் போனால் கட்!

ஏட்டையா நல்ல மனுஷர். உடனே கிளம்பி வந்தார். திருட்டு என்றால் சம்பவ இடத்தை வரைந்தாக வேண்டுமே? வரைந்தார். கேட், வேப்பமரம், லேத், மேஜை, கம்ப்யூட்டர். பூட்டு உடைந்ததா என்றார். இல்லை. திருடன் எந்தத் திசையில் ஓடினான்? செல்வி என்னைப் பார்த்தாள். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். அவரே யோசித்து 'வடக்கு' என்று எழுதினார். இந்தப் பக்கத்துத் திருடன் எவனும் ஆந்திராவுக்குத்தான் ஓடுவானாம். நான் கையெழுத்துப் போட்டேன். ஆதாரத்துக்கு அந்தக் கடிதத்தைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போனார்.

பாவம், அவர் என்ன செய்வார்? சட்டம் இருக்கிறது… பட்டன் போன் காலத்துச் சட்டம், ஒட்டு மேல் ஒட்டு. தேசப் பாதுகாப்புக்கென்று தனி சைபர் சட்டம் வரும், வரும் என்கிறார்கள். காட்டுப்பள்ளிப் பக்கம் அடையாளம் தெரியாத படகு ஒன்று ஒதுங்கினால் எத்தனை ஜீப் பறக்கும்? ஒயர் வழியாக வந்தவனுக்கு மட்டும் ஒரு ஏட்டையா, ஒரு வெள்ளைத்தாள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

மறுநாள் மதியம் நகல் கேட்டுப் போனோம். ஏட்டையா முகமே சரியில்லை.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். ஸ்டேஷன் கம்ப்யூட்டர்ல பென் டிரைவைப் போட்டேன். உங்க பட்டறைல வந்த அதே லெட்டர் இங்கயும் வந்து நின்னுக்கினு இருக்கு."

ஆக, திருடனை நாங்களே ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விட்டோம்!

செல்வி கண் கலங்கிவிட்டாள். அவர் பதறிப்போய், கையாலேயே எழுதி சீல் வைத்துக் கொடுத்தார். படம் பிடித்து அனுப்பினோம். கம்பெனி முனகிக்கொண்டே ஐந்து நாள் தந்தது. பழைய பாகங்களை அளந்து அளந்து, பட்டறையே உட்கார்ந்து டிராயிங்கை மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறது.

கிளம்பும்போது, ஸ்டேஷன் கம்ப்யூட்டருக்கு நீங்கள் யாரிடம் புகார் கொடுப்பீர்கள் என்று கேட்டேன்.

"மேலிடத்துக்கு மெயில் போடணும் சார்… ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருந்து போட்டாத்தான் செல்லுமாம்."