அழுதவருக்குப் பதவி உயர்வு

சாலவாக்கம் ஏரிக்கரையில் என் ஸ்கூட்டர் படுத்துவிட்டது. மெக்கானிக் வரும்வரை, வயலோரம் புதிதாக நட்டிருக்கும் கல்லின்மேல் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரிக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க ராணுவ அதிகாரி ஒருவரின் வாழ்க்கை வரலாறு. என் தலையிலும் தொப்பி, காலில் பூட்ஸ். படிக்கிறவனுக்கும் கொஞ்சம் கம்பீரம் வேண்டாமா?

சேற்றுக் கையோடு ஓர் அம்மா வயலிலிருந்து ஏறி வருகிறார்.

"இன்னா சார், ரோடுக்கு அளக்க வந்துகீறீங்களா? எங்க கழனில பாதி பூடுமாமே?"

"நான் ஆபீசர் இல்லம்மா. ஆபீசரைப் பத்திப் படிக்கிறேன். அமெரிக்காவுல பழங்குடிகளை நிலத்தை விட்டு வெளியேத்துறது அவர் வேலை. ஆனா நல்ல மனுஷன், அப்போ அழுதிருக்கார்."

"அழுதுட்டு நெலத்த திருப்பிக் குட்த்தாரா?"

புரட்டிப் பார்க்கிறேன்.

"இல்லை. பதவி உயர்வு குடுத்திருக்காங்க."

அந்த அம்மா சிரிக்கவில்லை.

"போன வாரம் இங்க வந்த ஆபீசரும் நல்லவருதான் சார். நான் குட்த்த மோரைக் குட்ச்சிட்டு, அவருக்கும் கண்ணு கலங்கிச்சு. நீங்க குந்திகினு கீறீங்களே, அந்தக் கல்லு அவரு நட்டதுதான்."

நான் எழுந்த வேகத்துக்கு எந்தப் படையிலும் பதவி உயர்வு கிடைத்திருக்கும்.