தங்கச்சிமடத்தில் கொள்ளுத்தாத்தா

எங்கள் அய்யா இறந்த வருடம் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. குடும்ப வரலாறு எழுதுகிற பைத்தியம். ராமநாதபுரத்தில் வாத்தியார் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் நோட்டும் பென்சிலுமாகச் சொந்தக்காரர்கள் வீட்டு வாசலில் போய் நிற்பேன். "உங்க தாத்தாவோட அப்பா பேரு என்ன?" என்று கேட்டே பலர் பிராணனை வாங்கியிருக்கிறேன். என்னைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டவர்களும் உண்டு. எல்லாரையும் கேட்டு முடித்த பிறகும் என் நோட்டில் ஒரு இடம் காலியாகவே கிடந்தது. கொள்ளுத்தாத்தாவின் பெயர். அவர் தங்கச்சிமடத்தில் இறந்தார் என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

தங்கச்சிமடத்தில் எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். பள்ளி விடுதியில் ஒரே பாயில் படுத்தவர்கள் நாங்கள். எட்டாம் வகுப்போடு அவன் வள்ளத்தில் ஏறிவிட்டான். அவன் கல்யாணத்துக்குப் போனேன், மகள் பிறந்தபோது போனேன். பிறகு ஐந்தாறு வருடமாக, அடுத்த லீவில் வருகிறேன் என்று கார்டு மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். அவனுக்காகக் கிடைக்காத லீவு, அந்த ஊர் மாதா கோயில் பதிவேட்டைப் பார்க்கவேண்டும் என்றதும் கிடைத்துவிட்டது. 'சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன்' என்று ஒரே ஒரு வரி எழுதினேன். எதற்கு என்று எழுதவில்லை. தன்னைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான்.

அன்று அவன் கடலுக்குப் போகவில்லை. ஸ்டேஷனில் வந்து நின்றான். ஆள் இளைத்திருந்தான். என் கையைப் பிடித்தவன் வீடு வரும்வரை விடவே இல்லை. என்மேல் இவ்வளவு பிரியமா என்று நான் பூரித்துப் போனேன். வாசலில் நின்ற அவன் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புப் புகை என்று நினைத்தேன். பையிலிருந்து சிவப்பு ரிப்பனை எடுத்து, "பாப்பா எங்க?" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மொதல்ல சாப்புடுலே" என்றான் அவன்.

மீன்குழம்பும் சோறும் போட்டார்கள். நன்றாகச் சாப்பிட்டேன். கை கழுவிய ஈரம் காய்வதற்குள் நோட்டை விரித்துவிட்டேன். யாருக்கு யார் பிறந்தார், எந்த ஊரில் பெண் எடுத்தார் என்று ஒரு மணி நேரம் அளந்திருப்பேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். நடுவில், "ஏலே, ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான்.

"கோயில்ல வேலைய முடிச்சிர்றேன்டா. சாயங்காலம் ரயிலு. போய்ட்டு வாரேன், வந்து பேசுவோம்."

'போய்ட்டு வாரேன்' என்றதும் அவன் மனைவி வெடுக்கென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பாட்டுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

கோயிலில் உபதேசியார் இறந்தவர்களின் பதிவேடுகளை மேசைமேல் எடுத்து வைத்தார். பழையது பூச்சி அரித்து, தொட்டால் உதிர்ந்தது. மூன்று மணி நேரம் கழித்துக் கொள்ளுத்தாத்தா அகப்பட்டார். பெயர், வயது, தகப்பன் பெயர், எல்லாம் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த உற்சாகத்தில், எங்கள் வீட்டுப் பட்டப்பெயர் இன்னும் இந்த ஊரில் யாருக்காவது இருக்கிறதா என்று பார்க்கப் புதிய பதிவேட்டையும் இழுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன்.

கடைசியாக எழுதியிருந்தது ஒரு பெண் குழந்தையை. வயது ஆறு. காய்ச்சல். அடக்கம் செய்து இருபத்திரண்டு நாளாகியிருந்தது. தகப்பன் பெயர் என் சிநேகிதனுடையது.

என் முகத்தைப் பார்த்த உபதேசியார், "தெரியாதா ஒங்களுக்கு? துக்கம் கேக்க வந்திருக்கீகன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

அவனும் அப்படித்தான் நினைத்திருக்கிறான். ரிப்பனைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியாது என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. வெளியூரிலிருந்து பசியோடு வந்தவனிடம் சாவுச் செய்தியைச் சாப்பிடுமுன் சொல்லமாட்டார்கள்; சொன்னால் சோறு இறங்காது. எங்கள் பக்கத்தில் எல்லாரும் அறிந்த வழக்கம்தான். எனக்கும் தெரிந்ததுதான். பெற்ற மகளைப் புதைத்தவன் எனக்காக அந்த வழக்கத்தைக் காத்திருக்கிறான். நானோ தின்றுவிட்டு அவனுக்கு என் வம்சத்தை வாசித்திருக்கிறேன்.

திரும்பிப் போனபோது அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"கெடச்சுச்சா?" என்றான்.

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவன் அழவில்லை.

"சாப்ட்ட பெறகு இன்னொரு தடவ கேப்பன்னு பாத்தேன்லே" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவன் மனைவி ரிப்பனைக் கொண்டுவந்து, "ஒங்க வீட்டுப் பிள்ளைக்கு வைங்கண்ணே" என்று நீட்டினாள். வாங்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. கடைசியில் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. தங்கியிருக்கலாம். அந்த வீட்டில் இன்னொரு வேளை சோற்றுக்கு உட்கார எனக்குத் தைரியம் இல்லை. ரயில் நேரம் வந்ததும் எழுந்தேன். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது; இந்தத் தடவை அந்த வழக்கத்தையாவது காப்போம் என்று பேசாமல் வாசலில் இறங்கினேன்.

"ஏலே, வாரேன்னு சொல்லிட்டுப் போ" என்றான் பின்னாலிருந்து. "இல்லேன்னா நீ வரமாட்ட."

காலையில் அவ்வளவு சுலபமாக வந்த சொல் அப்போது வரவில்லை. ரிப்பனைக் கையில் சுருட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தேன்.