நீலம் போட்ட பனியுடுப்பு

காலை எட்டு மணி பத்து நிமிடம். சமையலறை ஜன்னலில் முதலில் தெரிந்தது ஒரு முகம் மட்டும். கழுத்து இல்லை, உடம்பு இல்லை. முற்றம் முழுக்கப் பனி, ஜனவரி மாதத்து அரை வெளிச்சம், நடுவே ஆள் உயரத்தில் சிவந்த ஒரு முகம் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வந்த பிறகுதான் அது ரெய்யோ என்பதும், அவர் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பில் இருக்கிறார் என்பதும் பிடிபட்டது. ரெய்யோ எங்கள் அடுத்த வீட்டுக்காரர். மர ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பின்லாந்தின் வடக்கே உள்ள இந்தச் சிற்றூரில், வணக்கத்தைத் தாண்டி என்னிடம் பேசிய ஒரே ஆள். இங்கே பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் ஒருமைதான். என் அப்பா வயதுக்காரரை ‘நீ’ என்று அழைக்க இன்னும் நாக்கு தயங்குகிறது. “சனிக்கிழமை காட்டுக்கு வருகிறாயா?” என்று கேட்டார். வருகிறேன் என்றேன். “உடுப்பு வெள்ளையாக இருக்க வேண்டும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். நான்கு எட்டு வைப்பதற்குள் முதுகு பனியோடு கலந்துவிட்டது.

இந்த அழைப்புக்கு எங்கள் வீட்டில் ஏன் அவ்வளவு மதிப்பு என்று சொல்ல வேண்டும். என் மனைவி ஸ்டெல்லா இங்குள்ள முதியோர் இல்லத்தில் செவிலியர். அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. நான் புதுக்கோட்டையில் நாளிதழ் நிருபராக இருந்தவன். இப்போது வீட்டில் இருந்தபடி சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்குப் பிழை திருத்துகிறேன். அவளுக்குப் பேச ஆள் உண்டு, எனக்கு இல்லை. இந்தக் குளிர்காலத்துக்குள் ஊரோடு ஒட்ட முடியவில்லை என்றால், அவள் வேலையை விட்டுவிட்டுத் தெற்கே, தமிழர்கள் இருக்கும் பெரிய நகரத்துக்குப் போய்விடுவது என்று பேசி வைத்திருந்தோம். இங்கே ஊர் என்றால் வேட்டைக் குழு. அதில் சேர, உறுப்பினர் ஒருவர் நம்மைக் காட்டில் வைத்துப் பார்த்து, இவன் சரிப்படுவான் என்று மற்றவர்களிடம் சொல்ல வேண்டும்.

கடைக்கு ரெய்யோவே கூட வந்தார். பனியுடுப்புக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் லுமிபுகு. தூய வெள்ளை, கறுப்புக் குச்சிகள் அச்சிட்ட வெள்ளை, மெல்லிய நைலான், தடித்த பருத்தி என்று ஒரு சுவர் முழுக்கத் தொங்கியது. ரெய்யோ ஒவ்வொரு உடுப்பின் கையையும் காதருகே வைத்துக் கசக்கினார். நைலான் குளிரில் விறைத்துச் சடசடக்கும் என்றார். குச்சி அச்சு, இலையுதிர்ந்து நிற்கும் மரங்களுக்கு. எங்கள் பக்கத்துக் காட்டில் கிளையெல்லாம் பனி, அதனால் வெறும் வெள்ளைதான் சரி. கடைசியில் பழைய சாமான் கடையில், ராணுவம் கழித்துப்போட்ட பருத்தி உடுப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். காய்ச்சிய பாலின் ஆடை நிறம். “இதுதான் நல்லது. பனியும் முழு வெள்ளை இல்லை” என்றார். என் பணத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் மாவட்டத்தில் வெள்ளை, கண்ணில் படுவதற்கான நிறம். திருமயத்தில் ஏதாவது விழா என்று செய்தி எடுக்கப் போனால், கூட்டத்தில் யாரிடம் பேச வேண்டும் என்பதை நான் சட்டையின் வெளுப்பை வைத்துத்தான் முடிவு செய்வேன். வெளுப்பு கூடக் கூட இருக்கை முன்வரிசைக்கு நகரும். ஆவூர்ப் பக்கத்து எங்கள் கத்தோலிக்க வீடுகளில் புதுநன்மை என்னும் முதல் நற்கருணை வாங்கும் பிள்ளைக்கும் வெள்ளை, கல்யாணப் பெண்ணுக்கும் வெள்ளை. அன்றைக்குக் கோயிலில் எல்லாக் கண்ணும் அவர்கள் மேல் இருக்க வேண்டும். ஒளிந்துகொள்ள வெள்ளை உடுத்துவது என்பதை எனக்கே விளக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. உடுப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, விராலிமலையில் இருக்கும் என் அக்கா வீடியோவில் வந்தாள்.

“என்னடா தம்பி, வெள்ளையும் சொள்ளையுமா நிக்கிற? அங்கிட்டும் எலெக்சன் வந்துருச்சா?”

“வேட்டைக்குக்கா. பறவ கண்ணுல படக் கூடாது.”

“அது சரி. ஒன் மூஞ்சிய எங்க கொண்டுபோயி ஒளிப்ப?” சிரித்து முடித்துவிட்டுத் திரையில் உற்றுப் பார்த்தாள். “அது ஏன் இப்படிப் பழுப்பேறிக் கெடக்கு? ஸ்டெல்லா, நீலம் எதும் இல்லையாம்மா?”

“ஊருல இருந்து கொண்டாந்தது இருக்கு மதினி. நானும் அதத்தான் சொல்றேன். நாலு பேரு முன்னாடி இந்த அழுக்கோட போயி நின்னா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?”

வெள்ளிக்கிழமை மாலை சொட்டு நீலம் போட்டு அலசிக் காயவைத்தாள். இஸ்திரியும் போட்டாள். நான் தடுக்கவில்லை, எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

சனிக்கிழமை கிளம்பியபோது இருட்டு. பனிச்சறுக்குக் கட்டைகளில் காட்டுக்குள் போனோம். தேடி வந்தது டேரி என்ற பறவை. கோழி அளவு, கறுப்பு; காலையில் பிர்ச் மரத்து உச்சியில் உட்கார்ந்து மொட்டுகளைத் தின்னும். சூரியன் மரங்களுக்கு மேலே வந்ததும் ரெய்யோ திரும்பி என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“மிகவும் சுத்தமாக இருக்கிறது” என்றார்.

நன்றி சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துப் பனியின் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பனி மங்கலாகவும், என் சட்டைக் கை டியூப் லைட் போலவும் இருந்தது. “பறவைக்கு நம்மைவிடக் கூர்மையான கண். இந்த நீலம் அதற்கு விளக்கு” என்றார். அதற்குள் தூரத்து மரத்திலிருந்து டேரிகள் எழும்பிப் போய்விட்டன. நான் மனத்துக்குள் வீட்டுச் சாமான்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினேன்.

பிறகு அவர் முதுகுப்பையைத் திறந்து இரண்டு மரப் பறவைகளை எடுத்தார். கறுப்புச் சாயம் பூசிய பொம்மை டேரிகள். நீளக் கழியால் அவற்றை ஒரு பிர்ச் மரத்தின் உச்சியில் நிறுத்தினார். “இது பழைய முறை. நான் இங்கே ஒளிந்திருப்பேன். பறவைக்குத் தெரிகிற மாதிரி இன்னொருவன் சுற்றிப் போய் அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும். அவனைக் கண்டு எழும்பும் பறவைகள் இந்தப் பொம்மைகளை நம்பி இங்கே வந்து உட்காரும். பையைத் தினமும் சுமக்கிறேன். கூட வர ஆள் இல்லை.” கொஞ்சம் நிறுத்திச் சேர்த்துக்கொண்டார்: “என் கண்ணுக்கும் நீ நன்றாகத் தெரிவாய். நீ இருக்கிற பக்கம் சுடமாட்டேன்.”

எதிரே பனி மூடிக் கிடந்த சதுப்புவெளியைச் சுற்றிக்கொண்டு போனேன். இரண்டு முறை விழுந்து எழுந்தேன். நான் காட்டின் மறு ஓரத்தில் வெயிலுக்கு வந்ததும் அங்கே போய் உட்கார்ந்திருந்த பறவைகள் ஒட்டுமொத்தமாக எழும்பி ரெய்யோ இருந்த திசைக்குப் பறந்தன. ஒரே ஒரு வெடிச் சத்தம். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு டேரி இருந்தது. அதை என்னிடம் நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை குழுவின் குடிலில் காபி. அதிகம் பேசாத ரெய்யோ எழுந்து நின்று இந்தக் கதையைச் சொன்னார். மற்றவர்கள் என் உடுப்பைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, மேசை தட்டிச் சிரித்தார்கள். ஒருவர் கேட்டார்: “அந்த நீலம் இன்னும் மிச்சம் இருக்கிறதா?” கிண்டல் என்று நினைத்து நானும் சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை, அடுத்த வாரம் தன்னோடு வர முடியுமா என்று கேட்டார்.

ஸ்டெல்லா தன் வேலை ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டாள். நான் வேட்டைத் தேர்வுக்குப் படிக்கிறேன். துப்பாக்கி பிடிக்கும் நாளில் ஒளிந்திருக்க உதவும் என்று ரெய்யோ தன் பழைய உடுப்பு ஒன்றைக் கொடுத்திருக்கிறார். குளியலறைக் கம்பியில் இப்போது இரண்டு உடுப்புகள் தொங்குகின்றன. ஒன்றை நீலம் போட்டு அலசுகிறோம். மற்றதை வெறும் தண்ணீரில்.