பிடித்துவிட ஓர் ஆள்

சென்னையில் இருப்பதல்ல, கடல் கடந்த இந்த ஜார்ஜ் டவுனின் கடலோரத் திடலில் தனியாக வந்திருப்பவன் நான் ஒருவன்தான். மற்றதெல்லாம் குடும்பங்கள், பிள்ளைகள் நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். பட்டம் விற்கும் பெண்ணிடம், சென்னையில் இருந்தபோது என் மகள் சொன்னதைப்போலவே, "காத்தாடி ஒண்ணு குடுங்கக்கா" என்கிறேன்.

அவர் சிரிக்கிறார். "காத்தாடி வீட்டுல மேல சுத்துற ஃபேனுலா, அண்ணே. இது பட்டம்." மீன் வடிவப் பட்டமொன்றை எடுத்துத் தருகிறார். "நீங்க நூல இழுக்கறப்ப பட்டத்தப் புடிச்சு விட ஆளு எங்க?"

"மக வர்றா."

மகள் அவள் அம்மாவோடு போய் மூன்று வருடமாகிறது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"அப்ப வரட்டும்லா, உக்காருங்க" என்று நாற்காலி போடுகிறார். பக்கத்திலேயே, சின்னதாக இன்னொன்றும்.